அண்ணி வெட்டிய காடு

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. வானத்துல செருப்போட நடக்கக் கூடாது."

சொல்கிறவர் வானத்தின் நடுவில் நிற்கிறார். கூடத்தின் தரை முழுக்க விரித்து, ஓரமெல்லாம் ஆணியடித்த துணி. பாதி இன்னும் வெள்ளை. மீதிப் பாதி, மழை விட்ட மறுநாள் காலையைப் போல வெளிர்நீலம். ஒரு கையில் துடைப்பக்கட்டை நீளத்துக்கு ஒரு பிரஷ். மறு கையில் வாளி. குனிவதே இல்லை. வீடு பெருக்குகிற வேகத்தில் நடந்துகொண்டே மேகம் போடுகிறார். திடீரென்று நின்று, ஒரு மேகத்தின் விளிம்பைக் கால் கட்டைவிரலால் தேய்த்து மங்கலாக்குகிறார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன முழிக்கறீங்க? கைக்குத்தான் வேலை தெரியுமா?" என்கிறார்.

நாடக அரங்கின் பின்பக்கக் கூடம் இது. படுதா எழுதும் இடம். மேடையில் நடிகர்களுக்குப் பின்னால் தொங்குகிற அரண்மனை, கடற்கரை, கடைத்தெரு, சிறைச்சாலை எல்லாம் இந்தத் தரையில்தான் பிறக்கின்றன. பெற்றவர் அண்ணி.

அரங்கின் தச்சர் எல்லாருக்கும் அண்ணன். அவரைக் கட்டிக்கொண்டதால் இவர் எல்லாருக்கும் அண்ணி. வாசலில் டிக்கெட் கிழிக்கிற பெரியவர் இவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணனோடு கூடப் பிறந்த தம்பி ஒருவர் உண்டு. அவர் எப்போதாவது வரும்போது, இத்தனை பேர் நடுவில் தன் உரிமை கரைந்துபோன வருத்தத்தோடு, "அண்ணியாரே" என்பார். கல்யாணத்துக்கு முன்னால் உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஏம்மான்னு கூப்பிட்டாங்க. கல்யாணம் ஆனதும் பதவி உயர்வு" என்றார்.

குள்ளமான உருவம். தடித்த மணிக்கட்டு. வேலை நேரத்தில் போட்டுக்கொள்வது அண்ணனின் பழைய சட்டைகளில் ஒன்று. வருஷக்கணக்கில் வர்ணமும் வச்சிரப் பசையும் குடித்து அது அட்டை போல ஆகிவிட்டது. கழற்றி மூலையில் வைத்தால் சரிந்து விழாமல் உட்கார்ந்திருக்கும். குதிகால் வெடிப்புகளில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் தங்கியிருக்கும். போன மாதம் எந்த நாடகம் என்று தெரிய வேண்டுமானால் அண்ணியின் குதிகாலைப் பார்த்தால் போதும்.

கூடத்துச் சுவரில் ஓர் ஏணி. அதன் உச்சியில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, அண்ணன் அடித்துக்கொடுத்த ஒரு பலகை. நாளைக்கு நாலைந்து முறை அண்ணி அதில் ஏறி உட்கார்ந்து, கழுத்தில் தொங்கும் பைனாகுலரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பார். திருப்பிப் பிடித்தால் எல்லாம் எட்டிப் போய்விடும். தரையில் கிடக்கிற படுதா, அரங்கின் பத்தாவது வரிசையிலிருந்து பார்க்கிற அளவுக்குச் சுருங்கிவிடும். அண்ணிக்கு உலகத்தில் உள்ள எல்லா விஷயத்துக்கும் அந்தப் பத்தாவது வரிசைதான் உரைகல். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பையனுக்கு முன்பல் சற்றுத் தூக்கல் என்று யாரோ சொன்னார்களாம். "பத்தாவது வரிசைக்கு அதெல்லாம் தெரியாது" என்று முடித்துவிட்டார். மகள் இப்போது வேறு ஊரில் சந்தோஷமாக இருக்கிறாள். "பல்லையும் பழகிட்டா" என்கிறார் அண்ணி.

நாடகங்களுக்கு விமரிசனம் எழுதுவது என் வேலை. முன்வாசல் வழியாக மட்டும் போய் வந்துகொண்டிருந்த என்னைப் பின்வாசலுக்கு இழுத்தது அண்ணியின் காடு.

இந்த ஊரில் நாடகம் பார்க்கிற யாருக்கும் அந்தக் காட்டைத் தெரியும். வனவாசம், வேட்டை, காதலர்கள் ஓடிப்போவது, குழந்தைகள் வழி தவறுவது என்று எந்தக் கதையாக இருந்தாலும் அதே படுதாதான் இறங்கும். பச்சை என்றால் ஒரே பச்சை இல்லை. முன்னால் கறுத்த பச்சை, நடுவில் பாசிப்பச்சை, தொலைவில் நீலத்தில் கரைகிற பச்சை. மலைச்சரிவு முழுக்க மரம். கிளைக்குக் கிளை இடைவெளியில் வெளிச்சம் வேறு விழும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மேடையேறிக் கையால் தடவிப் பார்ப்பார்கள். துணிதான் என்று தெரிந்து ஏமாந்து, மறுபடியும் தடவுவார்கள்.

அதை எழுதும்போது அண்ணிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. படுதாவைச் சுருட்டக் கட்டை பொருத்துவதற்காக வந்த தச்சர், வேலை முடிந்தும் போகாமல் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தாராம். "சும்மா நிக்கறதுக்கு ஒரு மரம் போடுங்க" என்று இவர் பிரஷ்ஷை நீட்டியிருக்கிறார். வலது கோடியில், கீழே, அவர் ஒரு மரம் போட்டார். தலைகீழாக நட்ட விளக்குமாறு மாதிரி ஒரு மரம். இலைகளெல்லாம் ஒரே பக்கமாகப் போய்விட்டன. எந்த நேரமும் சாய்ந்துவிடும் போல நின்றது. அண்ணி அதைத் திருத்தவில்லை. அரங்கில் எல்லாரும் அதை 'அண்ணன் மரம்' என்பார்கள். நடிகர்கள் மேடையில் நிற்கிற இடத்தைக்கூட அதை வைத்துத்தான் சொல்வார்கள்: "அண்ணன் மரத்துக்கு ரெண்டு அடி இந்தப் பக்கம் நில்லு."

இரண்டு வருஷத்துக்கு முன் இயக்குநர் ஒரு புது நாடகத்தோடு வந்தார். அண்ணியைவிட வயதில் சிறியவர். பேசும்போது கைகளால் காற்றைப் பிசைகிறவர். மலையில் முதன்முதலாக இரும்பு உலை கட்டிய ஒரு முதலாளியின் கதை. அந்தக் காலத்து உலைக்கு எரிபொருள் மரக்கரி. உலை எரிய எரியக் காடு குறையும். நாடகம் தொடங்கும்போதே சுற்றியுள்ள மரமெல்லாம் தீர்ந்துவிட்டது. கரி மேலும் மேலும் தொலைவிலிருந்து வர வேண்டியிருக்கிறது. முதலாளி உலையை அணைக்கவும் முடியாமல் எரிக்கவும் முடியாமல் நிற்கிறார். "பின்னாடி ஒரு மொட்டை மலை வேணும் அண்ணி. அவ்வளவுதான்" என்றார் இயக்குநர்.

புதுத் துணி வந்தது. அண்ணி மொட்டை மலை எழுதினார். சரிவு, பாறை, அங்கங்கே அடிக்கட்டை, மூலையில் கல்லால் கட்டிய உலை. நானும் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. இயக்குநர் கும்பிடாத குறையாக நின்றார். அண்ணி ஏணியில் ஏறினார். பைனாகுலரைத் திருப்பினார். வெகுநேரம் கழித்து மேலிருந்து குரல் வந்தது.

"இது வழுக்கை."

"என்ன அண்ணி?"

"நீங்க கேட்டது மொட்டை. இது வழுக்கை. பொறக்கும்போதே முடி இல்லாத மலை மாதிரி இருக்கு. பார்த்தா யாருக்கு என்ன வலிக்கும்? மொட்டைன்னா முந்தாநாள் வரைக்கும் முடி இருந்திருக்கணும்."

இறங்கி வந்தவர், கூரையில் குறுக்குச் சட்டங்களின் மேல் சுருட்டி வைத்திருந்த படுதாக்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு, கறிகாய் வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னார்: "காட்டை இறக்குங்க."

அவர் என்ன செய்யப் போகிறார் என்பது புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் இயக்குநர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணி, அடுத்த சீசன்ல பசங்க நாடகம் இருக்கு. காடு இல்லாம என்ன பண்றது?"

"புதுசாப் போடறேன். காடு போட எனக்கா தெரியாது?"

செய்தி அரங்கு முழுக்கப் பரவியது. எப்போதும் அரசர் வேஷம் கட்டுவதால் மகாராஜா என்று பெயர் வாங்கியிருந்த மூத்த நடிகர், இந்த நாடகத்தில் உலை முதலாளி. அவர் ஒத்திகையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். "அண்ணி, நான் அந்தக் காட்டு முன்னாடி பதினாலு தடவை செத்திருக்கேன். பச்சைக்கு முன்னாடி நின்னாத்தான் நான் எடுப்பா இருப்பேன்."

"வெட்டவெளியில நின்னு பாருங்க மகாராஜா. உங்க மூக்கு வாசல் வரைக்கும் தெரியும்."

மகாராஜா மூக்கைத் தடவிக்கொண்டே போனார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பெரிய சங்கடம். அடுத்த அறையில் அவருடைய சுத்தியல் மட்டும் பேசியது. ஒரு ஆணிக்கு மூன்று அடி போதும் என்றால் ஏழு அடி விழுந்தது. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, "தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்பிக்கொண்டார்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு அடி தூரம். தூது நான். "அவருக்கு என்ன கோபம்?" என்று அண்ணியைத் தனியாகக் கேட்டேன். "அவர் மரம் அதுல இருக்குல்ல?" என்றார், வாளியைக் கலக்கிக்கொண்டே. கொஞ்சம் பொறுத்து, "என் மரமும்தான் இருக்கு. மலை முழுக்க இருக்கு" என்றார்.

படுதாவில் மரம் வெட்டுவது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் நினைத்தது, கறுப்பையோ பழுப்பையோ பூசி மறைப்பார் என்று. அண்ணி கரைத்தது வெளிர்நீலம். மரத்தின் மேல் வானத்தைப் பூசினார். அடியில் கொஞ்சத்தை விட்டுவிட்டு மேலே முழுக்க வானம். ஒரு வீச்சு, ஒரு கிளை போயிற்று. இன்னொரு வீச்சு, உச்சி போயிற்று. மரத்துக்குப் பின்னால் இத்தனை நாளும் வானம் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மரம் போகப் போகக் கூடமே வெளிச்சமாயிற்று. அந்த வெளிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணிக்கும் பிடிக்கவில்லை என்பது, பாடிக்கொண்டே வேலை செய்கிறவர் வாயைத் திறக்காமல் நடந்ததில் தெரிந்தது.

வெட்டிய காட்டில் கரி எப்படிச் சுட்டார்கள் என்று இயக்குநரைத் துளைத்தெடுத்தார். கட்டைகளைக் குவித்து, மண்ணால் மூடி, உள்ளே தீயிட்டுப் புகைய விடுவார்கள், கரிமூட்டம் என்பார்கள் என்று அவர் படித்ததைச் சொன்னார். "புகை எப்படிப் போகும்? நேராவா, தரையோடயா?" இயக்குநருக்குத் தெரியவில்லை. அண்ணி அரங்கின் கொல்லைப்புறத்தில், அண்ணன் அறுத்துத் தள்ளிய துண்டுக் கட்டைகளையெல்லாம் குவித்து, மண் பூசி, மூட்டம் போட்டேவிட்டார். அது மூன்று நாள் புகைந்தது. பக்கத்துச் சலவைக் கடைக்காரம்மா சுவருக்கு மேல் தலை நீட்டி, "வெளுத்த துணியெல்லாம் மறுபடி வெளுக்கணும்! நாடகம் உள்ளயா வெளியயா?" என்று கத்தினார். அண்ணி ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து புகையை வரைந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கங்க அக்கா, உங்களுக்கு முதல் வரிசையில சீட்டு" என்றார். புகை தரையோடு தவழ்ந்து, பிறகு மெல்ல எழுந்து, மேலே போய்க் குடை போல விரிந்தது. முடிந்ததும் மண்ணைக் கிளறிக் கரியை எடுத்து ஒரு மூலையில் கொட்டி வைத்தார். எதற்கென்று அவருக்கே அப்போது தெரியாது.

வானம் பூசி முடித்து, ஒருநாள் முழுக்கக் காய விட்டோம். மறுநாள் காலையில் இயக்குநர்தான் முதலில் கதவைத் திறந்தார். அவர் போட்ட சத்தத்தில் நானும் அண்ணியும் ஓடினோம்.

"அண்ணி! எல்லாம் முளைச்சிடுச்சு!"

உண்மைதான். நீலத்துக்குள்ளிருந்து பச்சைப் பச்சையாக மரங்கள் மேலே ஏறி வந்திருந்தன. மங்கலாக, விளிம்பில்லாமல், பனிக்குள் நிற்பவை போல. வச்சிரத்தில் கலந்த பழைய வர்ணம். மேலே ஈரம் பட்டதும் கரைந்து ஊறியிருக்கிறது. அண்ணி மறுபடியும் ஒரு பூச்சுப் பூசினார். காய்ந்ததும் மறுபடியும் முளைத்தது. "அந்த வருஷத்துப் பச்சை" என்றார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "மகா பிடிவாதம். என் வயசுப் பிடிவாதம்."

முதல் காட்சிக்கு ஒரு வாரம்கூட இல்லை. பழைய காடும் போயிற்று, புது மலையும் வரவில்லை. வழுக்கை மலையையே தொங்க விடலாம் என்று இயக்குநர் மெல்ல ஆரம்பித்தார். அண்ணி ஏணியில் ஏறினார். பலகையில் உட்கார்ந்து பைனாகுலரைத் திருப்பினார். கீழே நாங்கள் காத்திருந்தோம். அடுத்த அறையில் சுத்தியல்கூட நின்றிருந்தது.

மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். இயக்குநரும் அப்படித்தான் நினைத்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அது மரமில்ல. புகை! மரம் நின்ன இடத்துலதான புகை எழும்பும்? வர்றவனை எதுக்கு அமுக்கணும், வரட்டும்! அந்தக் கரியை இடிங்க!"

அன்று அரங்கே கரி இடித்தது. மகாராஜா இடித்தார். டிக்கெட் கிழிக்கிறவர் சலித்தார். கொல்லை மூட்டத்துக் கரி, பொடியாகி, வச்சிரத்தில் கரைந்து, சாம்பல் நிறமாக வாளியில் வந்தது. அண்ணி அதைத் தண்ணீராக நீர்த்து, நீலத்தில் எழும்பிய ஒவ்வொரு பச்சை நிழலின் மேலும் ஓட்டினார். ஒவ்வொரு அடிக்கட்டைக் கூட்டத்துக்கும் நடுவில் ஒரு மூட்டம்; மூட்டத்திலிருந்து தரையோடு தவழ்ந்து எழும் புகை; எழுந்து எழுந்து, மரம் விரிந்த இடத்தில் தானும் விரிகிற புகை. கிட்டத்தில் நின்று பார்த்தால் வெறும் கறை. ஏணியில் ஏறிப் பார்த்தேன். வெட்டிய காடு அத்தனையும் புகையாக நின்றுகொண்டிருந்தது.

ஒன்று மட்டும் மிச்சம். வலது கோடியில், கீழே, அண்ணன் மரம். மலை முழுக்க வெட்டியவர் அதன் பக்கம் போகவில்லை. இரண்டு முறை பிரஷ்ஷோடு அந்த மூலைக்கு நடந்து, இரண்டு முறையும் வேறு ஏதோ வேலை நினைவு வந்தவரைப் போலத் திரும்பினார். இயக்குநருக்கோ உற்சாகம். "ஒத்த மரம் நிக்கட்டும் அண்ணி! பிரமாதமா இருக்கு!"

"ஒத்த மரத்தை விட்டுட்டுப் போற உலைக்காரன் எவன்யா இருக்கான்?" என்று எரிந்து விழுந்தார் அண்ணி. ஆனால் கை போகவில்லை.

அப்போதுதான் அண்ணன் வந்தார். படுதா சுருட்டும் கட்டையின் நீளம் அளக்க வந்ததாகக் கையில் டேப் இருந்தது. துணியின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார். யாரையும் பார்க்காமல் வானத்தைக் கடந்து, தன் மரத்தின் முன்னால் போய் நின்றார். அது இன்னும் சாய்ந்துதான் நின்றது.

"வானம் எந்த வாளி?" என்றார்.

என்னிடமோ இயக்குநரிடமோ கேட்கவில்லை. நேராக அண்ணியிடம் கேட்டார். அண்ணி காலால் வாளியை நகர்த்தினார். பிரஷ்ஷை நீட்டினார்.

அண்ணன் பிரஷ்ஷை முக்கி, மேலே ஒரு வீச்சு, குறுக்கே ஒரு வீச்சு. விளக்குமாறு மறைந்தது. அடியில் அரை முழம் மட்டும் நின்றது. பிறகு அவர் மண்டியிட்டு உட்கார்ந்து, சுற்றிலும் அண்ணி எழுதியிருந்த அடிக்கட்டைகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், அத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"இதென்ன, வெட்டின முகமெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி இருக்கு? மரம்னா நடுவுல வைரம் பாஞ்சிருக்காதா? ஓரம் வெளுத்து, உள்ள போகப் போகச் சிவந்து, நடுவுல இருட்டணும். கோடாரி பட்ட இடம் சாய்வா இருக்கும். கடைசியில மரம் முறிஞ்ச இடத்துல சிராய் சிராயா சிம்பு நிக்கும். எங்க சிம்பு?"

"இவ்வளவு தெரிஞ்சவரு அன்னைக்கு ஏங்க மரத்தை அப்படிப் போட்டீங்க?"

"மரம்தான் எனக்குப் போடத் தெரியாது. கட்டை எனக்குத் தெரியும்" என்றார் அண்ணன்.

தன் மரத்தின் வெட்டு முகத்தை அவரே எழுதினார். வெளுப்பு, சிவப்பு, இருட்டு. முறிந்த பக்கத்தில் நாலு சிம்பு. அந்தப் படுதாவிலேயே மிகச் சரியான அடிக்கட்டை அது. மீதி எல்லாவற்றையும் அண்ணி திருத்த, அண்ணன் பின்னாலேயே மண்டியிட்டு நகர்ந்துகொண்டு, "இன்னும் சிவப்பு", "போதும்", "போதும்னு சொல்றேன்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்று மாலை வரை இருவரும் சண்டை போட்டார்கள். எனக்கு ஒரு தூது வேலையும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

முதல் காட்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. நான் கூட்டத்தில் உட்கார்ந்தேன்; சலவைக் கடைக்காரம்மா முதல் வரிசையில், வெளுத்த வெளுப்பில் உட்கார்ந்திருந்தார். விளக்குகள் அணைந்தன. திரை எழுந்தது.

முதலில் வெளிச்சம். மேடையிலிருந்து அவ்வளவு வெளிச்சம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை; பலர் கண்ணைச் சுருக்கினார்கள். பிறகு மலை தெரிந்தது. சரிவு முழுக்க வெட்டு முகங்கள், கோணல் மாணலாக, சிவந்து. சாம்பல் புகை. மூலையில் கறுத்த உலை. அதன் முன்னால் மகாராஜா. அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வெறும் மலையைப் பார்க்கிற அமைதி அது இல்லை. தெரிந்த ஒன்றைத் தேடுகிற அமைதி. எனக்குப் பக்கத்திலிருந்த பெண் முன்னால் சாய்ந்து புகையையே பார்த்தார். பாறையின் அமைப்பை, சரிவின் வளைவை, கிளை விரிந்த இடங்களை அவர் கண் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தது.

"ஐயோ, நம்ம காடு!" என்றார்.

அது அரங்கு முழுக்கக் கேட்டது. அலை போல ஒரு பெருமூச்சு முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை போயிற்று. யாரோ ஒருவர் விசும்பினார். சலவைக் கடைக்காரம்மா எழுந்தே நின்றுவிட்டார். பிறகு கைதட்டல். ஒரு நடிகரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஒரு துணிக்காக இந்த ஊர் கைதட்டுகிறது, தட்டிக்கொண்டே இருக்கிறது. மகாராஜா முப்பது வருஷமாக மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்; எந்தக் கைதட்டல் யாருக்கு என்று அவருக்குத் தெரியாதா? அவர் தலையைத் திருப்பி மலையைப் பார்த்தார். பிறகு, யார் முன்னாலும் வழி விட்டறியாத அந்த மனிதர், படுதாவை மறைக்காமல் இரண்டடி விலகி நின்றார்.

சத்தம் அடங்கியதும் தன் முதல் வசனத்தைச் சொன்னார். "கரி இன்னும் வரலையா?" ஒத்திகையில் சாதாரணமாக ஒலித்த வசனம். அன்று அதைக் கேட்டு அரங்கே சில்லிட்டுப்போயிற்று.

நாடகம் இரண்டாவது வருஷமாக ஓடுகிறது. வெளியூர்களிலிருந்தும் வருகிறார்கள். காட்சி முடிந்ததும் வரிசையில் நின்று மேடையேறிப் புகையைக் கிட்டத்தில் பார்க்கிறார்கள். பழைய காட்டைப் பார்த்தவர்கள், பார்க்காத தங்கள் பிள்ளைகளுக்கு, "இங்க ஒண்ணு இருந்துச்சு, இங்க ஒண்ணு" என்று விரலால் காட்டுகிறார்கள். பிள்ளைகள் நாடகத்துக்குப் புதுக் காடு வந்துவிட்டது, அதுவும் அழகுதான். "மரமெல்லாம் இன்னும் சின்னப் பசங்க. முகம் தெரிய நாளாகும்" என்கிறார் அண்ணி. மகாராஜாவுக்கு இந்த வேஷத்துக்காக ஒரு விருது கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு நேராகப் படுதா கூடத்துக்கு வந்து அண்ணியிடம் நீட்டினார். "இதை நான் எங்க வைக்கறது?" என்று அண்ணி திருப்பிக் கொடுத்துவிட்டார். மூக்கைப் பற்றி மட்டும் ஒருமுறை விசாரித்தாராம், வாசல் வரைக்கும் தெரிகிறதா என்று.

போன வாரம் நான் மேடையோரத்தில் நின்று பார்த்தேன். திரை இழுக்கிற கயிறு அண்ணன் பொறுப்பு. அவர் கயிற்றைப் பிடித்து நிற்க, பக்கத்தில் அண்ணி. வேலைச் சட்டை இல்லை. நல்ல உடை, தலை வாரியிருந்தது. ஒவ்வொரு காட்சிக்கும் அப்படித்தான் வந்து நிற்கிறார் என்றார்கள். மணி அடித்தது. அண்ணன் கயிற்றை இழுத்தார். திரை எழுந்தது. நான் படுதாவைப் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, இருட்டில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தின் பக்கம் காதைக் கொடுத்து நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தப் பெருமூச்சு எழுந்தது. வரிசை வரிசையாக, பின்னால் வரை.

அண்ணி வலது முழங்கையை மடக்கி, கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கணவரின் விலாவில் நங்கென்று ஓர் இடி இடித்தார்.